சித்தப்பாவின் பதினோரு நோட்டுகள், அறுபத்து மூன்று கேள்விக்குறிகள்: எங்கிருந்து தொடங்குவது?

பேராவூரணிப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா போன தை மாதம் தவறிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் குடும்பத்து வழிமுறையைத் தேடித் தேடி எழுதி வைத்தார். கல்யாணத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் சட்டைப்பையில் சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவரிடம் "உங்க அப்பாவுக்கு அப்பா யாரு, அவர் எந்த ஊர்ல பொண்ணு எடுத்தாரு" என்று ஆரம்பித்துவிடுவார். சாம்பார் ஆறிப்போகும். சித்தி திட்டுவார்.

காரியம் முடிந்த மறுநாள் சித்தி என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் இதுல பிடித்தம், நீயே எடுத்துட்டுப் போ" என்று டிரங்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டார். அதில் இருப்பவை:

பதினோரு நீளக் கணக்கு நோட்டுகள். எல்லாம் சித்தப்பாவின் கையெழுத்து. பேனாவில் எழுதியது அவருக்கு உறுதியானது, பென்சிலில் எழுதியது சந்தேகம். பென்சில் கேள்விக்குறிகளை நான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 63.

பழைய மொய் நோட்டுகள் ஒரு கட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அவர் நோட்டுகளை எல்லாம் திண்ணையில் பரப்பிக் காயவைத்துக் காப்பாற்றினார். அன்றைக்குத் தோப்பில் பாதித் தென்னை விழுந்து கிடந்தது, அவர் அதைப் போய்ப் பார்க்கவே இல்லை என்று சித்தி இன்னமும் சொல்வார். ஆனால் மொய்க் கட்டு மட்டும் தாளோடு தாள் ஒட்டி ஒரே பலகையாகிவிட்டது. கிழிந்துவிடும் என்று பயந்து அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

அப்புறம் நாலு கேசட். 1989-இல் எங்கள் அப்பாயியை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தது. அப்பாயி பேசியதைச் சித்தப்பா ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். கேசட்டை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

என் கேள்விகள் மூன்று.

ஒன்று, எங்கிருந்து தொடங்குவது? அவர் நிறுத்திய இடத்திலிருந்தா, இல்லை முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டா?

இரண்டாவது, பெண்கள். ஆண் பிள்ளைகள் ஏழு தலைமுறைக்குப் பெயரோடு இருக்கிறார்கள். பெண்களோ "மகள் ஒன்று, ஆலங்குடி பக்கம் கொடுத்தது" என்ற அளவில்தான். சித்தப்பா இதற்காக வருத்தப்பட்டவர். யாரிடம் கேட்டாலும் பெண்ணின் பெயரைச் சொல்லத் தெரியாமல், கொடுத்த ஊரை மட்டும் சொல்கிறார்கள் என்று ஒரு பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு மனதை அறுப்பது ஒரே ஒரு ஆள். என் தாத்தாவின் தங்கை. அதாவது சித்தப்பாவுக்குச் சொந்த அத்தை. கல்யாணமாகி சிலோன் தோட்டத்துக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. சித்தப்பாவுக்கு அப்போது இரண்டு வயதோ என்னவோ. நோட்டில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: "சிலோன் அத்தை. குட்டியம்மா என்று கூப்பிடுவார்களாம். பெயர்?" சொந்த அத்தையின் பெயர் தெரியாமலே சித்தப்பா போய்விட்டார்.

கேசட்டிலிருந்து அவர் எடுத்து எழுதிய பக்கத்தில் அப்பாயி சொன்னது இப்படி இருக்கிறது: "குட்டியம்மா புதாறு வந்து ரெண்டாம் வருசம் பொறந்தது. எனக்கு நாத்தனா. நல்ல செவப்பு. பேரு நான் எப்படிச் சொல்றது." இதற்குப் பக்கத்தில் சித்தப்பா "மறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறார்.

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கஷ்டமானது. அவர் எழுதியது தப்பு என்று தெரிந்தால் நான் திருத்தலாமா? ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் தாத்தாவின் அப்பாயி பெயர் வீராயி. தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பெட்டியில் ஒரு பிறப்புக் குறிப்பு இருக்கிறது, கைப்பிடி அளவு தாள்: தாது வருஷம், ஐப்பசி மாதம், தேதி, வெள்ளிக்கிழமை, நட்சத்திரம், "வீராயி ஜனனம்" என்று. சித்தப்பா அதைப் பார்த்து "வீராயி, பிறப்பு 1876" என்று பேனாவால் எழுதிவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் "சரிபார்". அவரே சந்தேகப்பட்டிருக்கிறார். நான் சரிபார்த்து அது தப்பாக இருந்தால், அவர் கையெழுத்தின் மேல் என் பேனாவை வைக்க எனக்கு மனசு வராது. நீங்கள் யாராவது இப்படி ஒரு வேலையைத் தொடர்ந்து செய்திருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

அம்மா, உங்கள் சித்தப்பா நல்ல கணக்காளர். பேனா ஒன்று, பென்சில் ஒன்று என்று பிரித்து எழுதுகிறவரின் நோட்டைத் தொடர்வது சுலபம். அவருக்கு என் வணக்கம்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். தாது என்றால் 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். பழைய குறிப்புகளைப் பார்க்கும் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். தப்பிக்க வழி கிழமைதான். அறுபது வருஷம் கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் வராது. ஐந்து நாளோ ஆறு நாளோ தள்ளித்தான் விழும். 1936-இல் அந்தத் தேதி வெள்ளி என்றால், 1876-இல் அது சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஆகத்தான் இருந்திருக்கும். ஆகவே வருஷம், மாதம், தேதி, கிழமை நாலும் இருக்கும் குறிப்பில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நட்சத்திரம் வேறு இருக்கிறது, அது இரண்டாவது சாட்சி. உங்கள் ஊர் ஜோசியரிடம் பழைய பஞ்சாங்கத் தொகுப்பு இருந்தால் பத்து நிமிஷ வேலை. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போட்ட அட்டவணைகள் கிடைத்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. உங்கள் அப்பாயி "புதாறு வந்து ரெண்டாம் வருசம்" என்று சொல்லியிருக்கிறார் அல்லவா. உங்கள் பக்கத்தில் புதாறு என்றால் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் தண்ணீர் விட்டது. ரெண்டாம் வருசம் என்றால் 1936. அதுவும் தாதுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அம்மா, நான் வேறொன்றும் சொல்லவில்லை.

பெண்கள் பெயருக்கு என் தொழிலிலிருந்து ஒரு வழி சொல்கிறேன். நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன். கிரயப் பத்திரத்தில் பெண்களைத் தேடினால் குறைவாகத்தான் கிடைப்பார்கள். விடுதலைப் பத்திரத்தில் தேடுங்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபிறகு, தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்றாகிவிட்டது. அண்ணன் தம்பிகள் நிலத்தை விற்கவோ பாகம் பிரிக்கவோ போனால் அக்கா தங்கைகள் எல்லோரும் வந்து "எனக்குப் பாத்தியதை இல்லை" என்று விடுதலை எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனையோ பெண்களுக்கு அப்படி எழுதி வாசித்துக் காட்டியிருக்கிறேன். பெயர், வயது, கணவர் பெயர், இருக்கும் ஊர், கைநாட்டு, எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். சொத்தை விட்டுக்கொடுத்த பத்திரத்தில்தான் அந்தப் பெண்களின் முழு விலாசமும் நிற்கிறது. எழுதும்போது எனக்கு அது உறைத்ததில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

உங்கள் குடும்ப நிலத்தின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். யுடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு சர்வே 1979 முதல் 1987 வரை நடந்தது. அதில் எண்கள் உட்பிரிவாகி மாறியிருக்கும், அதனால் பழைய எண்ணையும் கண்டுபிடித்து இரண்டுக்கும் போடுங்கள். முன்னோர் நிலம் புதுக்கோட்டைச் சீமையில் இருந்தால், 1948 மார்ச் வரை அது தனி சமஸ்தானம் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காலத்துக் காகிதங்களைத் தஞ்சாவூரில் தேடினால் கிடைக்காது.

திருத்தலாமா என்று கேட்டீர்கள். பத்திரத்தில் பிழை வந்தால் நாங்கள் அடித்து எழுத மாட்டோம். பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதிப் பதிவோம். முதல் பத்திரம் அப்படியே இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதையே செய்யுங்கள்.

கோத்தகிரி தம்பி:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் அந்தச் சிலோன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என் தாத்தா, பாட்டி, அப்பா எல்லோரும் 1972-இல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள்.

உங்கள் சிலோன் அத்தைக்கு இரண்டு விதி இருந்திருக்கலாம். 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மீதிப் பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அவர் இங்கே வந்தவர்களில் ஒருவரா, அங்கேயே தங்கியவர்களில் ஒருவரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக் கொடுத்த வீடுகள் உண்டு. என் பாட்டியின் தங்கை இலங்கையில் ராகலையிலேயே நின்றுவிட்டார். கப்பல் ஏறுவதற்கு முன்னால் தோட்டத்து ரோட்டில் பிரிந்த பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

வந்தவர்களாக இருந்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடும்ப அட்டை என்று ஒன்று கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இன்னமும் பிளாஸ்டிக் உறையில் சாமி மாடத்தில் இருக்கிறது. குடும்பத்தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, இருந்த தோட்டம், பூர்வீக ஊர். ஆனால் அக்கா, ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் எழுதும் பூர்வீகம் தலைவருடைய ஊர்தான். மனைவி பிறந்த ஊர் அதில் வராது. அதனால் உங்கள் ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் அத்தை அகப்பட மாட்டார். மாப்பிள்ளை எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடியுங்கள். எல்லாவற்றுக்கும் சாவி அதுதான்.

ஊர் தெரிந்த பிறகு அந்த ஊர்க் கோயிலில் விசாரியுங்கள். தோட்டத்துக்குப் போனவர்கள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய் அங்கே கோயில் கட்டினார்கள். திரும்பி வந்தவர்கள் பலர் பிள்ளைகளுக்கு முடி இறக்க முதலில் தேடிப் போனது அந்தச் சாமியைத்தான். நாங்களும் அப்படித்தான் துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தோம். அப்பாவுக்கு ஊர்ப் பெயரே தப்பாகத்தான் தெரிந்திருந்தது. சாமி பெயரைச் சொன்னதும் ஒரு டீக்கடைக்காரர் வழி காட்டினார்.

பெயர் மாறியிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் கணக்குப் பேரேட்டில், கிளார்க் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுவார், அதை வைத்து இங்கே இன்னொருவர் தமிழில் எழுதுவார். என் பாட்டியின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கிறது.

கீரமங்கலம் ஆத்தா வீடு:

மகளே, எனக்கு எழுபத்தாறு வயசு. பேத்திதான் டைப் அடித்துத் தருகிறாள்.

உன் அப்பாயி மறக்கவில்லை. "பேரு நான் எப்படிச் சொல்றது" என்றால் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. சொல்லக்கூடாது என்று அர்த்தம். நாங்கள் எல்லாம் மாமனார், மாமியார், அவர்களுக்கு மேலே உள்ளவர்கள் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டால் அந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அதனால்தான் வீட்டுக்கு வீடு ஒரு குட்டியம்மா, ஒரு பாப்பா, ஒரு சின்னத்தங்கம். என் மூத்த மகனுக்கு மாமனார் பெயர். அவனுக்கு ஐம்பது வயசாகிறது, நான் இன்னமும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன்.

உன் வீட்டில் சொல்லக்கூடாத பெயர் எது? புருஷனோட அப்பாயி பெயர் வீராயி என்று நீயே எழுதியிருக்கிறாய். பேத்திக்கு அப்பாயி பெயர் வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம்.

வாத்தியார் ஆம்பளை, அவருக்கு இது பிடிபடவில்லை. கேசட்டைப் போட்டுக் கேள். அப்பாயி அதைச் சொல்லும்போது சிரித்திருப்பாள்.

நூல்கட்டுபவர்:

நான் ஒரு நூலகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறேன். மொய்க் கட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இழுக்கவே இழுக்காதீர்கள். ஆவி காட்டினால் பிரியும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தக் காலத்து மொய் நோட்டில் காப்பியிங் பென்சில் புழங்கியிருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் ஊதாவாகக் கரைந்து எழுத்து போய்விடும். கட்டை ஒரு வாரம் காற்றாடும் நிழலில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு ஓரத்தில் எங்கே தானாகவே வாய் திறந்திருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய மூங்கில் சீவலை வழவழப்பாகத் தேய்த்து அந்த வாயில் படுக்கவைத்து நகர்த்துங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தாள் பிரிந்தால் போதும். வராத இடத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒவ்வொரு தாளும் பிரிந்தவுடனே போட்டோ எடுத்துவிடுங்கள், அடுத்ததற்குப் போவதற்கு முன்பே.

கேசட்டைப் பழைய டேப்ரிக்கார்டரில் போட்டுச் சோதிக்க வேண்டாம். டேப்பை அழுத்தும் சின்ன பஞ்சுத் துண்டு உள்ளே விழுந்திருக்கும், உருளை டேப்பைச் சுற்றிக்கொள்ளும். பென்சிலால் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால், நன்றாக இருக்கும் ஒரு பிளேயரைக் கம்ப்யூட்டரில் இணைத்து முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யுங்கள். கேட்பது அப்புறம்.

குண்டூசியும் ஸ்டேப்ளரும் சித்தப்பாவின் நோட்டுப் பக்கமே போக வேண்டாம். துருப்பிடிக்கும். திருத்தத் தாளை நூலால் தைத்து வையுங்கள்.

பேராவூரணிப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், வேலை அப்படி.

பத்திர எழுத்தர் ஐயா சொன்னபடி முதலில் கிழமையைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஜோசியர் வீட்டில் அவருடைய அப்பா காலத்துப் பஞ்சாங்கங்கள் அட்டை போட்டு அடுக்கியிருக்கின்றன. 1936-க்கு வெள்ளி, நட்சத்திரமும் சரி. 1876-க்குப் பொருந்தவில்லை. அந்தத் தாள் பெரிய வீராயியுடையது இல்லை. அந்த இடத்திலேயே கீரமங்கலம் அம்மா சொன்னது ஞாபகம் வந்து எனக்குக் கை நடுங்கியது.

அடுத்து கேசட். தஞ்சாவூரில் ஒரு நண்பர் பதிவு செய்து கொடுத்தார். மூன்றாவது கேசட்டில் அந்த இடம் வருகிறது. அம்மா, நீங்கள் சொன்னபடியே அப்பாயி சிரிக்கிறார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "பேரு நான் எப்படிச் சொல்றது" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு. சித்தப்பா உடனே "சரி, அவங்களுக்கு எத்தனை பிள்ளை" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார். பின்னால் எங்கோ மாடு கத்துகிறது. முப்பது வருஷமாக அவர் தேடிய பெயர் அந்தச் சிரிப்புக்குள் இருந்திருக்கிறது. நான் அதை இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

ஆனாலும் இது ஊகம்தானே. சித்தப்பாவாக இருந்தால் இன்னமும் பென்சிலில்தான் எழுதியிருப்பார். அதனால் மொய்க் கட்டில் உட்கார்ந்தேன். நூல்கட்டுபவர் சொன்ன மூங்கில் சீவலை நானே செய்து, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டேன். தினமும் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம். முதல் வாரத்தில் நாலு தாள் கிழிந்தது, நான் அவசரப்பட்டேன். அப்புறம் கை பழகிவிட்டது.

கட்டில் மொத்தம் ஏழு நோட்டுகள். ஐந்தாவது நோட்டின் அட்டை பிரிந்து வந்தது போன புதன்கிழமை. மூலையில் மஞ்சள் தடவிய கறை இன்னமும் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே: "நந்தன வருஷம் வைகாசி மாதம்". தேதி இருந்த இடம் கரைந்துவிட்டது. அடுத்த வரியில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் போட்டு, "மகள் வீராயி கலியாணத்துக்கு வந்த மொய் வரவு".

நந்தன என்றால் 1952. அத்தைக்குப் பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்திருக்கும்.

முதல் பக்கத்தின் முதல் வரி தாய்மாமன். பெயர், ஊர், "ரூ. 11-0-0". அணாக் கணக்கு. இந்த முதல் வரியைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே இப்போதுதான் புரிந்தது. எந்த மொய் நோட்டை எடுத்தாலும் முதலில் வருவது தாய்மாமன். தாய்மாமன் ஊர் என்றால் அது அம்மா பிறந்த ஊர். ஏழு நோட்டுக்கும் முதல் வரியை மட்டும் எடுத்து வரிசையாக எழுதினேன். எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஐந்து பெண்களின் பிறந்த வீடு, அண்ணன் தம்பி பெயரோடு கிடைத்துவிட்டது. சித்தப்பா "ஆலங்குடி பக்கம்" என்று விட்ட இடங்களில் இரண்டுக்கு ஊர் தெரிந்துவிட்டது. கேள்விக்குறி 63-இல் ஒன்பது போய்விட்டது.

அப்புறம் விதவைகள். புருஷன் இருக்கும் வரை புருஷன் பெயரில் எழுதிய மொய், அவர் போன பிறகு அந்தப் பெண்ணின் பெயரில் வருகிறது. "இன்னார் சம்சாரம் அன்னக்கிளி, 0-8-0" என்று எட்டணா. ஒரு நோட்டில் மட்டும் பதினொரு பெண்கள் அப்படிச் சொந்தப் பெயரோடு இருக்கிறார்கள்.

தம்பி, நீங்கள் சொன்ன சாவியும் இதே நோட்டில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் "மாப்பிள்ளை வீட்டார் வகை" என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். எட்டு வரி. நாலு வரி ஊதாக் கறையாகிவிட்டது. மீதி நாலில் மூன்றுக்கு ஒரே ஊர். புதுக்கோட்டைச் சீமையில் இருக்கும் ஊர், இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒருவர் பெயருக்கு முன்னால் "தோட்டம்" என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ஏதோ எழுதியிருக்கிறது, "மஸ்" என்பது வரை படிக்க முடிகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பக்கத்து மஸ்கெலியாவாக இருக்குமா?

திருத்தும் விஷயம். பிழைதிருத்தல் பத்திரம் என்று ஐயா சொன்னதைப் படித்தபோது என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சித்தப்பாவின் நோட்டில் "வீராயி, பிறப்பு 1876" என்பதை நான் தொடவில்லை. ஒரு தாளில் இப்படி எழுதி அந்தப் பக்கத்தில் நூலால் தைத்தேன்: "சித்தப்பா சரிபார்க்கச் சொன்ன வெள்ளிக்கிழமையைச் சரிபார்த்தேன். இந்தப் பிறப்புக் குறிப்பு 1936-ஆம் வருஷத்தது. பெரிய வீராயியுடையது அல்ல, பேத்தி வீராயியுடையது. பெரியவர் பஞ்சத்தில் பிறந்தார் என்பது வாய்மொழி மட்டும், எழுத்துச் சான்று இல்லை." கீழே என் பெயர், தேதி. தைக்கும்போது சித்தி பக்கத்தில் இருந்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அடுத்த நோட்டை எடுத்தேன். "சிலோன் அத்தை. குட்டியம்மா என்று கூப்பிடுவார்களாம். பெயர்?" அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே மட்டும் தனித்தாள் வைக்கவில்லை. அவர் இடம் விட்டது அந்தப் பெயருக்காகத்தான். பேனாவால் எழுதினேன்: வீராயி.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் ஊருக்குப் போகிறோம், நானும் சித்தியும். குலசாமி கோயில் பூசாரியின் செல் நம்பர் கிடைத்திருக்கிறது. போட்டோ எடுத்த மொய்ப் பக்கத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து வைத்திருக்கிறேன். அங்கே யாராவது அந்த எட்டு வரியில் தங்கள் தாத்தா பெயரைக் கண்டுபிடிப்பார்கள் என்று நம்பிக்கை.

கோத்தகிரி தம்பி:

அக்கா, மஸ்கெலியாவாகத்தான் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரையும் அந்த மூன்று பெயர்களையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போடாதீர்கள், பிள்ளைகள் உயிரோடு இருப்பார்கள். எங்கள் டிவிஷனில் மஸ்கெலியாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஏழெட்டு உண்டு. இன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் இருப்பார்கள், நானே கேட்டுவிடுகிறேன். அப்புறம், "மாப்பிள்ளை வீட்டார் வகை" பக்கத்தின் போட்டோவை அனுப்பும்போது கறைபட்ட நாலு வரியையும் சேர்த்து அனுப்புங்கள். என் அத்தைக்கு எண்பது வயது, அந்தக் காலத்து ஆட்களின் பெயரெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாதி எழுத்து தெரிந்தாலும் சொல்லிவிடுவார்.

பேராவூரணிப் பொண்ணு:

அனுப்பிவிட்டேன் தம்பி. மூன்றாவது வரியில் முதல் எழுத்து "க" மாதிரி இருக்கிறது, பாருங்கள்.